பாட்டில்லாத ஆல்பம், வெட்டில்லாமல்: வாங்குவதிலிருந்து கேட்பது வரை

வார்த்தை இல்லாத இசை நெல்லைப் பக்கத்துக்குப் புதுசு கிடையாது. சாமி புறப்பாட்டில் நாகசுரக்காரர் மல்லாரி வாசித்தால் யாரும் "வரி எங்கே" என்று கேட்பதில்லை. காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் அது கேட்கத் தேவையில்லாத கேள்வி. ஆனாலும் ஜாஸ், போஸ்ட்-ராக் (ராக் கருவிகளில் பெரும்பாலும் பாட்டில்லாமல் மெல்ல வளரும் இசை), ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஓடும் இசை) ஆல்பங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு "ஒண்ணும் பிடிபடலை" என்று விடுகிறவர்கள் நிறைய. பல நேரம் கோளாறு போனிலோ கேட்கிற இடத்திலோதான் இருக்கும். ட்ராக் வரிசை குலைந்திருக்கும், நடுவில் வெட்டு விழும், மெல்லிய இடம் மின்விசிறிச் சத்தத்தில் கரைந்திருக்கும். அதைச் சரிசெய்யும் வழி கீழே. ஆண்ட்ராய்டு போன், ஒரு விண்டோஸ் கணினி இருந்தால் போதும்.

படி 1: எதை எடுப்பது

"ரிலாக்ஸ்", "ஸ்டடி" என்று பேர் போட்ட பிளேலிஸ்ட்டுகளில் தொடங்காதீர்கள். முழு ஆல்பமாக எடுங்கள். முதல் மூன்றுக்கு என் பரிந்துரை:

ஜாஸ் பக்கம், நாலா சினெஃப்ரோவின் 'எண்ட்லெஸ்னெஸ்' (2024, வார்ப் லேபிள், அதாவது வெளியீட்டு நிறுவனம்). பத்து ட்ராக், சுமார் 45 நிமிடம். ஒரே சுர அடுக்கு ஆல்பம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சாக்ஸபோன், ஹார்ப், டிரம்ஸ் எல்லாம் வந்து போகும். ஆம்பியன்டுக்கு, பிரையன் ஈனோவும் பீட்டி வுல்ஃபும் செய்த 'லேட்டரல்' (2025). எட்டுத் துண்டாகப் பிரித்த ஒரே நீள இசை. போஸ்ட்-ராக்குக்கு டார்ட்டாய்ஸ் குழுவின் 'டச்' (2025). 2016க்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் ஆல்பம் அது. கிட்டார் உறுமல்தான் வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கையின் 'எண்ட்' (2023).

இவற்றோடு சோதனைக்காக ஒரு பழைய ஆல்பமும் வேண்டும்: ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், ஃபேரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்து செய்த 'பிராமிசஸ்' (2021). ஒன்பது பகுதி, 46 நிமிடம், ஏழு சுரச் சிறு துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது எதற்கு என்பது படி 5இல்.

அடுத்தடுத்துப் புதுசு தேட, கலைஞர் பெயரைவிட லேபிளைப் பின்தொடர்வது லாபம். ஜாஸுக்கு மியூனிக்கின் ஈ.சி.எம்., சிகாகோவின் இன்டர்நேஷனல் ஆந்தம்; போஸ்ட்-ராக்குக்கு மாண்ட்ரியாலின் கான்ஸ்டலேஷன்; ஆம்பியன்டுக்கு கிராங்கி, 12கே. புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வரும். ஜாஸில் இன்னொரு வழி உண்டு. பிடித்த ஆல்பத்தில் டிரம்ஸும் பேஸும் யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். அவர்கள் தனியாகப் போட்ட ஆல்பங்களைத் தேடுங்கள். விஜய் ஐயரின் பியானோ வழியாக நுழைந்தவர், பேஸ் வாசிக்கும் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் வாசிக்கும் டைஷான் சோரி என்று இரண்டு பக்கமும் போகலாம். மூவரும் சேர்ந்த 'கம்பாஷன்' (2024) ஈ.சி.எம்.மில் இருக்கிறது.

படி 2: வாங்குவது

ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பார்த்து, பிடித்தால் பேண்ட்கேம்ப்பில் (கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக விற்கும் இணையதளம்) வாங்குவது என் கட்சி. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று அறிவிக்கும் நாட்களில் அதையும் விட்டுக்கொடுத்துவிடும். 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம். பொறுக்க முடிந்தால் அன்றைக்கு வாங்குங்கள்.

கார்டு 'டிக்ளைன்' ஆனால் பதற வேண்டாம். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்து வருகின்றன. வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' இரண்டையும் திறந்து, வரம்பை ஆயிரம் இரண்டாயிரம் என்று குறைத்து வைத்து, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். வங்கி அந்நியச் செலாவணிக்கு மேல்கட்டணம் போடும். விலையை ரூபாயில் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நேம் யுவர் பிரைஸ்' என்று இருந்து, குறைந்தபட்சத் தொகை எதுவும் போடாவிட்டால் பூஜ்யம் கொடுத்தும் இறக்கலாம்.

பேண்ட்கேம்ப் ஆப்பில் கோப்பு கைக்கு வராது, ஆப்புக்குள்ளேயேதான் கேட்க முடியும். கோப்பாக வேண்டும் என்றால் பிரவுசரில் உள்நுழைந்து 'கலெக்ஷன்' பக்கத்தில் இறக்குங்கள்.

படி 3: எந்த வடிவம்

ஃபிளாக், அதாவது தரம் குறையாமல் சுருக்கும் வடிவம். யோசிக்கவே வேண்டாம். சி.டி. தரத்தில் சுருக்காத ஒலி நிமிடத்துக்கு 10.6 எம்.பி.; 40 நிமிட ஆல்பம் 423 எம்.பி. ஃபிளாக்கில் ஏறத்தாழ அதில் பாதியிலிருந்து முக்கால்வரை வரும். அமைதியான ஆம்பியன்ட் இன்னும் சிறுக்கும். அதே ஆல்பம் நொடிக்கு 320 கிலோபிட் எம்.பி.3யில் 96 எம்.பி. இடம் மிச்சம்தான், ஆனால் படி 5இல் தலைவலி. சி.டி.யைவிட உயர்ந்த 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரம் கிடைத்தாலும் போனுக்கு எடுக்காதீர்கள். சுருக்கும் முன் நிமிடத்துக்கு 34 எம்.பி.க்கு மேல், பஸ்ஸில் கேட்கிற காதுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

படி 4: வரிசை குலையாமல் ஏற்றுவது

ஜிப்பைப் பிரித்து, 'மியூசிக்' ஃபோல்டருக்குள் கலைஞர் பெயர், அதற்குள் ஆல்பம் பெயர் என்று போடுங்கள். சில பிளேயர்கள் ட்ராக் எண்ணைப் பார்க்காமல் தலைப்பை வைத்து அகரவரிசையில் அடுக்கும். 'எண்ட்லெஸ்னெஸ்'ஸில் தலைப்புகள் 'கன்டினுவம் 1' முதல் 'கன்டினுவம் 10' வரை. அகரவரிசையில் 1, 10, 2 என்று ஓடும். முதல் பகுதி முடிந்ததும் கடைசிப் பகுதி வந்துவிடும்; "என்ன இது, சட்டென்று உச்சத்துக்குப் போகுது" என்று தோன்றினால் காரணம் இதுதான். 'லேட்டரல்' ரோமன் எண்ணில் எட்டு வரைதான் என்பதால் தப்பிக்கும். ஒன்பது (IX) இருந்திருந்தால் ஐந்துக்கு (V) முன்னால் வந்து அதுவும் குலைந்திருக்கும்.

பிளேயரில் 'சார்ட் பை ட்ராக் நம்பர்' தேர்ந்தெடுங்கள். ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாஸ் ஆல்பம் ஒன்று நாலைந்து ஆல்பமாகச் சிதறித் தெரிந்தால், ஒவ்வொரு ட்ராக்கிலும் விருந்தினர் பெயர் சேர்ந்து 'ஆர்ட்டிஸ்ட்' மாறியிருக்கும். கணினியில் எம்பி3டேக் நிரலில் எல்லா ட்ராக்கையும் தேர்ந்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்தில் ஒரே பெயரைப் போட்டுச் சேமித்தால் ஒன்றுகூடிவிடும். பெயர் எம்பி3டேக் என்றாலும் ஃபிளாக்கையும் திருத்தும்.

படி 5: வெட்டு

கட்டுரையின் மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

முதலில் சோதனை. 'பிராமிசஸ்' முதல் பகுதியின் கடைசி 10 நொடிக்குத் தள்ளி விட்டுக் கேளுங்கள். இரண்டாம் பகுதிக்குப் போகும்போது ஒலி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 'டிக்' என்றோ கண்ணிமைக்கும் மௌனமாகவோ ஏதாவது விழுந்தால் உங்கள் பிளேயர் வெட்டுகிறது. சினிமாப் பாட்டில் இது தெரியாது, ஒரு பாட்டு முடிந்துதான் அடுத்தது. நீண்ட சுரம் நடுவில் அறுந்தால், நாகசுரக்காரர் மூச்சு தவறிய மாதிரி அப்பட்டமாகக் கேட்கும். ஒன்பது பகுதி ஆல்பத்தில் எட்டு இடத்தில் அறுந்தால் பிறகு என்னத்தைப் பிடிபடும்?

காரணம் இரண்டு. ஒன்று, பிளேயர் முந்தைய கோப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறது. வி.எல்.சி. 3 இப்படித்தான். படம் பார்க்க அருமையான நிரல். இந்த வேலைக்கு வேண்டாம்.

இரண்டு, எம்.பி.3யின் பிறவிக் குணம். அது ஒலியை 1,152 மாதிரிகள் (சாம்பிள்) கொண்ட சட்டங்களாக (ஃப்ரேம்) வெட்டி அடுக்கும். ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. பாட்டு சரியாகச் சட்டத்தில் முடியாதே, ஆகவே கடைசிச் சட்டத்தில் மிச்ச இடத்தை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும், எம்.பி.3 உருவாக்கும் லேம் குறியாக்கி (என்கோடர்) 576 மாதிரிகள் தாமதம் சேர்க்கும், அதைத் திரும்ப ஒலியாக்கும் பிரிப்பான் (டிகோடர்) 529. இரண்டும் சேர்ந்து 1,105, அதாவது 25 மில்லிநொடி மௌனம். எவ்வளவு மௌனத்தை நீக்க வேண்டும் என்பதை லேம் கோப்பின் தலையிலேயே எழுதி வைக்கிறது. அதைப் படிக்கிற பிளேயர் மௌனத்தை நீக்கிவிடும், படிக்காதது மௌனத்தோடு அப்படியே போட்டுவிடும். ஃபிளாக்கில் இந்தத் தொல்லையே கிடையாது. எத்தனை மாதிரி உள்ளே போனதோ அத்தனைதான் வெளியே வரும்.

தீர்வு: போனில் ஃபூபார்2000 போடுங்கள். இலவசம், முகம் பார்க்க லட்சணமாக இருக்காது, சோலியைச் சரியாகச் செய்யும். அழகு வேண்டும் என்பவர்களுக்கு மியூசிகோலெட். இணைய அனுமதியே கேட்காது, அமைப்பில் 'கேப்லெஸ்' (இடைவெளியில்லாமல் ஓட்டுவது) இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பவர்ஆம்ப் காசு கொடுத்து வாங்குவது. ஈக்வலைசர் நோண்டுகிறவர்களுக்கு மட்டும்.

'கிராஸ்ஃபேட்' வேறு, 'கேப்லெஸ்' வேறு. கிராஸ்ஃபேட் ஒன்றைத் தணித்து அடுத்ததைக் கலக்கும். இங்கே அது வெட்டைவிட மோசம், ஒரே இசையின் முடிவும் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அது பூஜ்யத்தில் இருக்கட்டும். ஸ்பாட்டிஃபையிலும் அப்படியே: கேப்லெஸ் திறந்து, கிராஸ்ஃபேட் 0.

எல்லாம் செய்தும் வெட்டு விழுந்தால் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். யாரோ எம்.பி.3யை ஃபிளாக்காக மாற்றி அனுப்பியிருந்தால், மாற்றிய நிரல் அந்த மௌனத்தையும் சேர்த்து உள்ளே பூட்டியிருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, மூலத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் கேட்டதால் சேர்த்தது: ஈ.சி.எம். ஆல்பங்களின் தொடக்கத்தில் ஐந்து நொடி மௌனம் இருக்கும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. ஒலியைக் கூட்டிவிட்டு உட்காராதீர்கள்.

இன்னொரு சேர்ப்பு: சில புளூடூத் இயர்பட்கள் மெல்லிய ஒலியை மௌனம் என்று எடுத்துக்கொண்டு தூங்கிவிடும், ஆம்பியன்ட் பைய எழும்பும்போது முதல் நொடி காணாமல் போகும். பிளேயரை மாற்றிப் பலனில்லை. வயர் இயர்போன் போட்டுப் பாருங்கள். போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் சி-டைப் மாற்றி வாங்கும்போது உள்ளே டாக் சில்லு (டிஜிட்டலை ஒலியலையாக மாற்றுவது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சில்லு இல்லாத மலிவு வகை பல போன்களில் வேலை செய்யாது.

படி 6: ஒலியளவு

ரீப்ளேகெயின் (ஒலியளவை அளந்து சமன்செய்யும் வசதி) இரண்டு வகை. 'ட்ராக்' முறை ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரும். மெல்லிசாகத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இடியாக முடிகிற போஸ்ட்-ராக் ஆல்பத்தில் மெல்லிய ட்ராக்கை ஏற்றி, இடியைத் தணித்துச் சமமாக்கினால் குழுவின் பாதி உழைப்பு போச்சு. 'ஆல்பம்' முறை ஆல்பம் முழுக்க ஒரே அளவு ஏற்றி இறக்கும். உள்ளே உள்ள மேடு பள்ளம் அப்படியே இருக்கும். கணினி ஃபூபாரில் எல்லா ட்ராக்கையும் தேர்ந்து, வலது சொடுக்கில் ரீப்ளேகெயின், 'சிங்கிள் ஆல்பம்' என்று அளக்கச் சொல்லிச் சேமித்துவிட்டுப் போனுக்கு மாற்றுங்கள். போனிலும் 'ஆல்பம்' முறை. போனோடு வரும் 'டால்பி', 'வால்யூம் லெவலர்' வகையறாவை அணைத்துவிடுங்கள்.

படி 7: எங்கே, எதில்

சின்ன புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவும் மோனோ. இடம் வலம் கலந்துவிடும். ஆம்பியன்டில் பாதி சுவை அந்த அகலத்தில்தான். இரண்டு ஸ்பீக்கர், சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளி, நீங்கள் அதே தூரத்தில். விலை குறைவான கணினி ஸ்பீக்கர் ஜோடியே போதும்.

பாபநாசம் பஸ்ஸில் ஆம்பியன்ட் வேண்டாம். இஞ்சின் இரைச்சல் தாழ்ந்த சுரங்களை மூடிவிடும், ஈடுகட்ட ஒலியைக் கூட்டுவீர்கள், ஏர்ஹாரனும் சேர்ந்தால் காது போகும். பஸ்ஸுக்கு டார்ட்டாய்ஸ் மாதிரி தாளம் தெளிவானது சரிப்படும். ஆம்பியன்டை வீட்டில், ஸ்பீக்கரில், குறைந்த ஒலியில் போடுங்கள். மின்விசிறி ஓடட்டும். ஈனோ 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' போட்டபோதே இடத்தின் சத்தத்தோடு கலந்து கிடக்கிற இசை என்பதுதான் யோசனை. ஆனி ஆடிக் காற்றில் ஜன்னல் அடிப்பதும் குற்றாலச் சாரலும் இதைக் கெடுக்காது. ஜாஸுக்கு மட்டும் விசிறியை ஒரு புள்ளி குறையுங்கள். டிரம்ஸில் பிரஷ் உரசல் அந்தச் சத்தத்தில்தான் தொலையும்.

காரில் கேட்பவர்களுக்கு

பல கார் ஸ்டீரியோக்கள் யு.எஸ்.பி.யில் வெட்டில்லாமல் ஓட்டுவதில்லை, ஃபிளாக் கொடுத்தாலும் சரி. அதற்குக் குறுக்கு வழி: கணினி ஃபூபாரில் ஆல்பத்தை வரிசையாகத் தேர்ந்து 'கன்வர்ட்', அதில் எல்லா ட்ராக்கையும் ஒரே கோப்பாகச் சேர்க்கும் 'மெர்ஜ்' தேர்வு. எம்.பி.3யாக வேண்டுமென்றால் ஃபூபார் தளத்திலுள்ள இலவச என்கோடர் தொகுப்பையும் நிறுவ வேண்டும். 46 நிமிட 'பிராமிசஸ்' 320இல் 110 எம்.பி. அளவில் ஒற்றைக் கோப்பாக வரும். நடுவில் ட்ராக் தாண்ட முடியாது. தாண்ட வேண்டிய ஆல்பமும் இல்லை. யு.எஸ்.பி.யை எஃப்.ஏ.டி.32இல் ஃபார்மட் செய்யுங்கள், பழைய ஸ்டீரியோக்களுக்கு மற்றது தெரியாது. தென்காசி ரோட்டில் போகிறவர்கள் ஒலியை ஜங்ஷனிலேயே சரிபண்ணிவிட்டு வண்டியை எடுங்கள். தொடக்கம் மெல்லிசு என்று கூட்டி வைத்தால், ஆர்க்கெஸ்ட்ரா முழுசாக எழும்பும்போது ஆலங்குளம் பக்கத்தில் கை ஸ்டீயரிங்கை விட்டுக் குமிழைத் தேடும்.