சுவரை உடைக்கும் முன் எடையைக் கணக்குப் போடுங்கள்

போன மாதம் என் அக்கா மகன் ஒரு வீட்டு வரைபடத்தைக் கைப்பேசியில் அனுப்பினான். சிங்கப்பூரில் அங் மோ கியோவில் மறுவிற்பனையில் வாங்கிய நாலறை வீடு. நாற்பது வயதைத் தாண்டிய புளோக். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான். "மாமா, இதைத் தட்டிடலாம்தானே? கான்ட்ராக்டர் ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு சொல்றார்."

நான் கட்டுமானத் தளங்களில் ஆர்டிஓவாக, அதாவது தளத்திலேயே இருந்து மேற்பார்வையிடும் தொழில்நுட்ப அதிகாரியாக, வேலை பார்க்கிறவன். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பியைப் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, சரி என்றால் கையெழுத்துப் போடுகிற ஆள். இருபத்தைந்து வருடத்தில் "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்ற சொல்லை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டில் ரினவேஷன் செய்யப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு பழைய கதை. நான் 1971இல் பிறந்தவன். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருந்த லியன் யாக் கட்டடமும் அதே ஆண்டில் கட்டியதுதான். ஆறு மாடி. கீழே வங்கி, மேலே ஹோட்டல் நியூ வோர்ல்ட். நாங்கள் அப்போது பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். 1986 மார்ச் 15, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை ஆகவில்லை. சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டடம் இருந்த இடத்தில் புழுதிதான் நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்றார்கள். 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அந்தச் சமயம் இங்கே எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள் இடிபாட்டுக்கு அடியில் குடைந்து போய் ஆட்களை வெளியே கொண்டுவர உதவினார்கள்.

வெடிகுண்டா, எரிவாயுவா என்று ஊரெல்லாம் பேச்சு. விசாரணையில் வெளிவந்தது வேறு. ஆட்களின் எடை, சாமான்களின் எடை எல்லாம் கணக்கில் இருந்தன. கட்டடத்தின் சொந்த எடை மட்டும் விடுபட்டிருந்தது. தூணும் தளமும் சுவரும் தாமே எவ்வளவு கனம் என்பதை யாரும் கூட்டவில்லை. பதினைந்து வருடம் அது நின்றதே அதிசயம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமாரான பையன் நான். அதைப் படித்தபோது எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை இன்னொரு பொறியாளர் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்ப்பவருக்கு அந்தக் கட்டடத்தில் பண ஆதாயமோ பங்கோ இருக்கக்கூடாது. கட்டி முடித்த பிறகும் விடமாட்டார்கள். குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து வருடத்துக்கு ஒரு முறையும் மற்றவற்றை ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் பொறியாளர் வந்து பரிசோதிக்க வேண்டும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

தரையிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாரும் சுவரைப் பற்றியே கவலைப்படுவார்கள். எடை ஏறுவதோ தரையில்தான். பழைய ஓடுகளைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது ஓடு பதித்தால் சத்தம் இல்லை, செலவு குறைவு என்று கான்ட்ராக்டர் சொல்வார். வீவக விதியில் தரைப் பூச்சின் மொத்தத் தடிப்பு, சிமென்ட் கலவையும் ஓடும் சேர்த்து, 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் கலவையும் ஓடும் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். இருபது சதுர மீட்டர் கூடம் என்றால் இரண்டு டன். பழைய பிரிட்டிஷ் தரப்படி வீட்டுத் தளத்தில் ஆட்களுக்கும் சாமானுக்கும் ஒதுக்கிய சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். இன்னொரு அடுக்கு முழுதாகப் போட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தரையே தின்றுவிடும். அப்புறம் சோஃபா எங்கே, தீபாவளிக்கு வருகிற முப்பது பேர் எங்கே?

ஆகவே ஒரு மூலையில் ஓட்டைப் பெயர்க்கச் சொல்லி, இப்போது இருக்கும் தடிப்பை அளந்து பாருங்கள். முந்தைய வீட்டுக்காரர் ஏற்கெனவே ஓட்டின் மேல் ஓடு போட்டிருக்கலாம். மருமகன் வீட்டில் அப்படித்தான் இருந்தது. டேப் 62 காட்டியது. அவனுக்கு வேறு வழியில்லை, எல்லாவற்றையும் பெயர்த்தாக வேண்டும்.

அவன் இன்னொரு ஆசையும் வைத்திருந்தான். அரோவானா மீன் தொட்டி. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் மட்டுமே 540 லிட்டர், அதாவது 540 கிலோ. கண்ணாடி, மணல், மேசை எல்லாம் தனி. அது நிற்கிற இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. மேலே சொன்ன 150 கிலோவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். பெரிய தொட்டியோ தண்ணீர் நிரம்பிய குளியல் தொட்டியோ வைக்கத்தான் வேண்டும் என்றால் பொறியாளரைக் கேட்டுவிட்டு வையுங்கள். கூடத்தின் நட்டநடுவில் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இப்போது சுவர். விரலால் தட்டி, சத்தம் கேட்டு, இது வெறும் செங்கல் என்று சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். வீவகவிடம் உங்கள் வீட்டின் வரைபடத்தை வாங்கலாம். பணம் கட்ட வேண்டும், ஆனால் பெரிய தொகை இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவராக நின்று பாருங்கள். தூண், உத்திரம், தளம், சுமை தாங்கும் சுவர் இவற்றைத் தொடவே முடியாது, அனுமதியும் கிடைக்காது. வெறும் தடுப்புச் சுவராக இருந்தாலும் உடைக்க வீவக அனுமதி வேண்டும். சில சுவர்களுக்குத் தொழில்முறைப் பொறியாளரின் ஒப்புதலும் கேட்பார்கள்.

மருமகன் வீட்டுச் சுவரின் ஓரத்தில் ஓரடி நீளத்துக்கு இருந்தது சுவரே இல்லை, தூண். மேலே பூச்சு ஒரே மட்டமாக ஓடி இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. கான்ட்ராக்டரின் பெருக்கல் குறி அந்தத் தூணின் மேலும் போயிருந்தது. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பத்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடித் தூணை அரையடி செதுக்கினால் அது யார் வீட்டுத் தூண்? மேலே ஏழு குடும்பம் அதில் உட்கார்ந்திருக்கிறது.

பொறியாளர் தேவைப்பட்டால் அவரை நீங்களே அமர்த்துங்கள், பணத்தையும் நீங்களே நேராகக் கொடுங்கள். கான்ட்ராக்டர் "எல்லாம் சேர்த்து நானே பார்த்துக்கறேன்" என்றால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பொங்கோல் பக்கம் ஒரு தளம். சாயங்காலம் மழை வரும்போல வானம் கருத்திருந்தது. கான்கிரீட் லோரி இரண்டு வெளியே நிற்கிறது. கலவை வந்தால் காத்திருக்காது, நேரம் போனால் இறுகும். கம்பி கட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அந்தக் கடைசியில கவர் பிளாக் பத்தல. கம்பி பலகையைத் தொட்டுக்கிட்டு நிக்குது." போய்ப் பார்த்தேன், உண்மை. கவர் பிளாக் என்பது கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கிற சின்னக் கட்டை. அது இல்லாவிட்டால் கம்பியின் மேல் கான்கிரீட் மூடாது. இருபது வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து, உப்பி, கான்கிரீட்டைப் பிய்த்துத் தள்ளும். நான் கையெழுத்துப் போடவில்லை. லோரிகள் திரும்பிப் போயின. ஃபோர்மேன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆர்டிஓ கட்டுகிற நிறுவனத்தின் ஊழியராக இருக்கக்கூடாது என்பது சட்டம். ஃபோர்மேனின் முதலாளி என் முதலாளி இல்லை. அப்படி இருந்திருந்தால் அன்று நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. அந்தத் தம்பிக்குப் பிழை தெரிந்திருந்தது. வேலையை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. உங்கள் ரினவேஷனில் ஆர்டிஓ யாரும் இருக்க மாட்டார். நீங்கள்தான்.

கம்பியை மூடும் அந்தக் கான்கிரீட் கவர் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. கூரையிலும் உத்திரத்திலும் பள்ளம் வெட்டி ஒயரை உள்ளே புதைக்கிறேன் என்று எலக்ட்ரீஷியன் வந்தால் விடாதீர்கள். அவர் வெட்டி எடுப்பது கம்பியின் போர்வையை. வெளியே கேசிங், அதாவது ஒயரை மூடும் உறை, ஓட்டச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும். பழைய வீடுகளில் குளியலறைக் கூரையில் கான்கிரீட் உரிந்து துருப்பிடித்த கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் பொய்க்கூரை போட்டு மறைக்காதீர்கள். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, பழுதுபார்க்கும் கலவையால் மூட வேண்டும். உங்கள் புளோக் வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் சிங்கப்பூரர்களுக்கு இந்த வேலை அரசாங்கச் செலவிலேயே நடக்கும்.

மற்ற விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீவக பட்டியலில் உள்ள கான்ட்ராக்டரையே அமர்த்துங்கள். அனுமதித் தாளை அவர் கையில் பார்த்தால் போதாது, வாங்கிப் படியுங்கள். உடைக்கிற வேலை வார நாட்களில் 9 மணி முதல் 5 மணி வரைதான், சனிக்கிழமை கூடாது. வீவகவிடம் முன்பதிவு செய்து வாங்கும் புது பிடிஓ வீட்டில் குளியலறைத் தரையையும் சுவர் ஓடுகளையும் முதல் மூன்று வருடம் பெயர்க்க முடியாது. பழைய வீட்டில் பெயர்த்தால் நீர்த்தடுப்புப் பூச்சைப் புதிதாகப் போட்டு, ஓடு பதிக்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வையுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் கூரையைப் பார்க்கப் போங்கள், வெறுங்கையோடு போக வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் சுவரிலும் கதவிலும் கைவைக்காதீர்கள். கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக்கூடக் கிழிக்கக் கூடாது.

ஜன்னல்: வெளியே திறக்கும் கதவு ஜன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தால் எவர்சில்வர் ரிவெட்டாக மாற்றியிருக்க வேண்டும். 2004 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். பராமரிக்காமல் ஜன்னல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரிவெட் ஒன்றின் விலை சில காசுகள்.

வீட்டுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டே செருப்பு அலமாரி, பூந்தொட்டி, சைக்கிள். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். நெருக்கமான அத்தாப்புக் குடிசைகள். அந்தத் தீக்குப் பிறகுதான் கழகம் இத்தனை வேகமாக அடுக்குமாடிகளைக் கட்ட ஆரம்பித்தது. அந்த அடுக்குமாடியில் தீ வந்தால் தப்பிக்கும் வழியை நாமே அலமாரியால் அடைப்பது எனக்குப் புரிவதில்லை.

கடைசியாக விரிசல். பூச்சில் தலைமுடி போல ஓடும் கோடுகளைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தூணிலோ உத்திரத்திலோ விரிசல், அல்லது நாணயம் நுழையும் அளவுக்கு எங்கேயாவது பிளவு என்றால் வீவக கிளையைக் கூப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருப்பவற்றுக்கு நான் செய்வது இது: விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவேன். மாதம் ஒரு முறை பார்ப்பேன். நுனி கோட்டைத் தாண்டினால் பொறியாளர்.

தாண்டினால் தாண்டியதுதான். புதுக் கோடு போட்டு இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். 2004 ஏப்ரல் 20 பிற்பகலில் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் எம்ஆர்டி வட்டப்பாதைக்குத் தோண்டிய குழி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். முப்பது மீட்டருக்கு மேல் ஆழம், மெத்தென்ற கடல் களிமண். முட்டுக்கொடுத்த எஃகு இணைப்புகளின் வடிவமைப்பிலேயே பிழை இருந்தது. ஆனால் தாங்குசுவர் எவ்வளவு நகர்கிறது என்று கருவிகள் முன்பே காட்டிக்கொண்டிருந்தன. எச்சரிக்கை அளவைத் தாண்டியபோது கணக்கைத் திரும்பப் போட்டு எச்சரிக்கை அளவையே உயர்த்தினார்கள்.

மருமகன் வீட்டில் இப்போது தூண் இருக்கிறது, அதை ஒட்டி மேசை போட்டுவிட்டான். மீதிச் சுவருக்கு அனுமதி வந்துவிட்டது. தொட்டி இரண்டடிதான், அதில் கப்பி மீன்கள். படுக்கையறை வாசல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் இருந்தது, அங்கே பென்சில் கோடு போட்டு வந்தேன். இந்த மாதம் 1ஆம் தேதி படம் எடுத்து அனுப்பினான். நுனி நகரவில்லை.