அவுட்போர்டு எஞ்சினுக்கு மெருகு: மூடிக்கு முன் லெக்கைப் பாருங்கள்

வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் பழையதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, மேல் மூடியைக் கொஞ்சம் பளபளன்னு ஆக்கித் தாங்க." நான் மூடியைப் பார்ப்பதில்லை, குனிந்து லெக்கைத்தான், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப் பாகத்தைத்தான் பார்ப்பேன். மூடி பிளாஸ்டிக்கோ பைபரோதான். வெயிலில் வெளிறிப் போனால் பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. லெக் அப்படியில்லை, அது அலுமினிய வார்ப்பு. பெயிண்ட் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே பத்து மணி நேரம் கையில் இருந்தால் ஏழு மணி நேரத்தை லெக்குக்குக் கொடுங்கள். மூடிக்கு மீதி போதும்.

நான் இருப்பது திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு பக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பைபர் வள்ளங்கள் பெருகின, கூடவே அவுட்போர்டு எஞ்சின்களும். என் கைக்கு வருவதில் பாதி 9.9 குதிரைத்திறன் யமஹாவும் சுசுகியும். கீழே சொல்வது எந்த கம்பெனி எஞ்சினுக்கும் பொருந்தும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, அதனால் சனிக்கிழமை மதியமே எஞ்சினைக் கழற்றிவிடலாம். கழுவி பாலீஷ் போடும் வேலைக்கு அது போதும். பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தால் போதாது, நாலைந்து நாள் வேண்டும். ஆனி, ஆடியில் ஸ்பிரே பெயிண்டைத் தொடாதீர்கள். அந்தக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்கார்ந்துவிடும், உப்புத்தாள் போட்டதுபோல் சொரசொரவென்று காயும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலமும் ஆகாது. காற்றில் ஈரம் இருந்தால் பளபளப்பு மங்கிப் பால் பூத்ததுபோல் ஆகிவிடும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் வயரையும் பிடுங்கி வையுங்கள். ஃபேனை (தண்ணீரைத் தள்ளும் சுழலியை) கையால் சுற்றித் துடைக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான். 35, 40 கிலோ எடை வரும், இரண்டு பேராகத் தூக்கி மர ஸ்டாண்டில் நிறுத்துங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் லெக் பக்கம் தலைப்பக்கத்தைவிட உயரக் கூடாது, உள்ளே நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். நாலு ஸ்ட்ரோக் என்றால் எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் ஆயில் போகக் கூடாத இடத்துக்குப் போகும்.

கழுவுவதில் அவசரம் வேண்டாம். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக உப்பு நிற்கும், கடலில் முக்கி எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. குழாயில் வரும் நல்ல தண்ணீரை இரண்டு குடம் எடுத்து வையுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மணலை இறக்குங்கள். மணல் இருக்கும்போது துணியைப் போட்டால் அதுவே கீறிவிடும். அப்புறம் கார் கழுவும் ஷாம்பு. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினாக இருந்தால் புகை வெளிவரும் இடத்தைச் சுற்றிக் கருப்புப் பிசின் ஒட்டியிருக்கும், அதை மண்ணெண்ணெய் நனைத்த பனியன் வேஸ்டால் ஊறவைத்துத் துடைத்து மறுபடி ஷாம்பு போடுங்கள். இடுக்குகளில் கல்லாக இறுகிய உப்புக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூடியில் காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

இரண்டு பொருள்களை லெக் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒன்று, டாய்லெட் கழுவும் ஆசிட். அழுக்கு போகும்தான், கூடவே அலுமினியமும் போகும். இன்னொன்று, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். அதிலிருந்து உடையும் இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, துருப்பிடித்து, அந்த இடத்திலிருந்தே அரிப்பைத் தொடங்கிவைக்கும். மூடிக்குத் தின்னர் கூடாது. பிளாஸ்டிக் இளகிப் பொடிப்பொடியாக வெடிப்பு விடும், அதற்கு வைத்தியமே இல்லை.

சரி, காய்ந்த பிறகு லெக்கை வெயிலில் சாய்த்து வைத்துப் பாருங்கள். விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாததும் தட்டுப்படும். பெயிண்ட் கடுகளவு எழும்பி நிற்கும், அதை நகத்தால் குத்தினால் உள்ளே வெள்ளை மாவு. அலுமினியம் பூத்துவிட்டது என்று அர்த்தம். கொப்புளம் கடுகளவு இருந்தாலும் அடியில் அரிப்பு காசளவுக்குப் பரவியிருக்கும். மேலே பாலீஷ் போட்டு மறைப்பது வீண். அடியில் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கெக் மணலில் உரசும் ஓரத்தையும், போல்ட் தலைகளைச் சுற்றியும், அரிப்பை வாங்கிக்கொள்ள மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி உட்காரும் இடத்தையும் விட்டுவிடாமல் பாருங்கள். எனக்கு வரும் எஞ்சின்களில் அதிகம் பூத்திருப்பது போல்ட் பக்கம்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் தின்னப்படும்.

பூத்த இடத்தைச் சுரண்டுங்கள். ஒட்டியிருக்கும் பெயிண்ட் கெட்டியாக நிற்கும் இடம் வரை போக வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, பிறகு 320. பழைய பெயிண்டும் வெறும் அலுமினியமும் சேரும் விளிம்பு படிக்கட்டாக இருக்கக் கூடாது, கண்ணை மூடித் தடவினால் எங்கே பெயிண்ட் முடிகிறது என்று விரலுக்குத் தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். குழிக்குள் வெள்ளைப் புள்ளி ஒன்று மிச்சம் இருந்தாலும் அங்கேயே மறுபடி கிளம்பும். குழி ஆழமாக இருந்தால் எபாக்ஸி பட்டி வையுங்கள். கார் டிங்கரிங் கடையில் வைக்கும் சாதாரண பட்டி ஈரத்தை உறிஞ்சும், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாகத்துக்கு ஆகாது.

இனி நேரம் முக்கியம். தேய்த்த அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும், சாதாரண பெயிண்ட் அதன் மேல் நிற்காது. தேய்த்து, தூசியைத் துடைத்து, கை படாமல், ஒரு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும். அலுமினியத்துக்கென்றே இருக்கும் எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ வாங்குங்கள், இரண்டில் ஒன்று போதும். ஒன்றின் மேல் ஒன்றை அடித்தால் ஒத்துக்கொள்ளுமா என்று டப்பாவில் பார்க்காமல் அடிக்காதீர்கள். பச்சை மஞ்சளாக இருக்கும் ஜிங்க் குரோமேட் பழைய ஆட்களுக்குப் பிரியம். நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் அதன் தூசி புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. பழைய எஞ்சினைத் தேய்க்கும்போது அடியில் அந்த நிறம் தெரிந்தால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், மூக்கை மூடிக்கொண்டு.

பெயிண்டுக்குக் கார் பெயிண்ட் கலந்து தரும் கடைக்குப் போங்கள். போகும்போது மூடியைக் கையோடு கொண்டுபோய் உள்விளிம்பைக் காட்டுங்கள். வெளிப்பக்கத்தை வைத்துக் கலந்தால் வெயிலில் வெளுத்த நிறம்தான் கிடைக்கும். கம்பெனி நிறம் உள்விளிம்பிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் மட்டுமே பாக்கி இருக்கும். இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்தான் உப்புக்குத் தாங்கும். அந்த ஹார்டனர் நுரையீரலுக்கு எதிரி, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போட்டு, திறந்த வெளியில் அடியுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று, ஒவ்வொன்றுக்கும் இடையில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு.

அடிப்பதற்கு முன் எதை மறைக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். துத்தநாகக் கட்டி மேல் ஒரு சொட்டுப் பெயிண்ட் கூடப் படக் கூடாது, வேக்ஸும் கூடாது. லெக்கைத் தின்ன வரும் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் அது இருக்கிறது. பெயிண்ட் அடித்துவிட்டால் வெறும் கட்டிதான், ஒரு வேலையும் செய்யாது. பாதி கரைந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தண்ணீர் இழுக்கும் சல்லடை, தண்ணீர் பீய்ச்சும் சிறு துளை, கியர் ஆயில் திருகுகள், கிரீஸ் நிப்பிள், எஞ்சின் நம்பர் தகடு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பழைய எஞ்சினை வாங்க விற்க அந்த நம்பர்தான் பேசும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வள்ளத்துக்கு அடியில் பாசி பிடிக்காமல் அடிக்கும் பெயிண்ட் மீந்தால் அதை லெக்குக்கும் பூசிவிடுகிறார்கள். அதில் செம்பு கலந்திருந்தால் அலுமினியத்துக்கு அதைவிடப் பெரிய விரோதி கிடையாது. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் எஞ்சின் என்றால் அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதிய, செம்பில்லாத பெயிண்டைக் கேட்டு வாங்குங்கள். தினமும் கரையேற்றுகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

இப்போது மூடி. வெளிறிய இடத்தில் ஈரக் கையை வைத்துத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறம் ஆழமாகத் தெரிந்தால் பாலீஷுக்கு மசியும். நனைத்தும் திட்டுத் திட்டாக, தோல் உரிந்த மாதிரி தெரிந்தால் நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடிபோன்ற பூச்சு, கிளியர் கோட், போய்விட்டது. அதைத் தேய்த்து மெருகேற்றும் எந்தக் காம்பவுண்டுப் பசையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பதுதான் வழி.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடாக்கி, தங்கூசி நரம்பை (மீன் பிடிக்கும் நைலான் நரம்பை) இரு கையிலும் பிடித்து அடியில் அறுப்பதுபோல் இழுத்தால் கீறல் இல்லாமல் வரும். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய். நல்ல ஸ்டிக்கரை டேப்பால் மூடிவிடுங்கள், காம்பவுண்டு ஓரத்தைத் தின்றுவிடும். கருப்பு ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் டேப். வேக்ஸ் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும்.

கீறல் நகத்தில் மாட்டினால் மட்டும் வாட்டர் பேப்பர்: 1500, பிறகு 2000, ஷாம்பு தண்ணீரில் நனைத்து, எடை கொடுக்காமல். கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது. விளிம்புகளில் பேப்பரே வேண்டாம், முதலில் தேய்ந்து போவது அங்கேதான். அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு. நிழலில் வைத்து, ஒரு சாண் சதுரமாகப் பிரித்து, சுத்தமான துணியால். துணியை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். கிளியர் கோட் உள்ள மூடியென்றால் துணியில் அழுக்கு மட்டும்தான் வர வேண்டும். மூடியின் நிறம் வரத் தொடங்கினால் கிளியர் முடிந்து நிறத்துக்கு வந்துவிட்டீர்கள், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கிளியரே இல்லாத பழைய மூடியில் முதல் தேய்ப்பிலேயே நிறம் வரும், அது பயப்பட வேண்டியதில்லை, அளவோடு தேயுங்கள். பஃபிங் மெஷின் இருந்தால் ஸ்பாஞ்ச் பேடு மாட்டி, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல். கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு சின்ன மூடிக்குக் கையே போதும் என்பது என் கட்சி.

அடுத்து மெல்லிய பாலீஷ், கடைசியாக வேக்ஸ். வேக்ஸை லெக்குக்கும் போடுங்கள், புதுப் பெயிண்ட் என்றால் ஒரு மாதம் கழித்து. மெல்லியதாகத் தடவி, மூட்டமாகக் காய்ந்ததும் துடைத்தெடுக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, துடைக்க முடியாமல் தோள்தான் வலிக்கும். மூடி உட்காரும் ரப்பர் பட்டைக்குக் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே.

நம் வெயிலுக்கு வேக்ஸ் இரண்டு மூன்று மாதம் நிற்கும். மூடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது, தாள் மாதிரி பரவினால் போய்விட்டது, மறுபடி போடுங்கள். கரை வந்ததும் லெக்குக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி மேல் பழைய சாக்கு போட்டால் போதும். தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வேர்த்து உப்பை ஈரமாகவே வைத்திருக்கும்.