பழைய சட்டையில் ஒரு குஷன் உறை

பரிசு கொடுக்க என்ன தைக்கலாம் என்று யோசிக்கிறீர்களா? பெரிய அளவு பருத்திச் சட்டை ஒன்று போதும். துவைத்துக் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும், அதை விட்டுவிடுங்கள்.

40 செ.மீ. குஷனுக்கு, பட்டன்களைப் போட்டபடியே முன்பக்கத்தில் 42 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். தையல் ஓடும் இடத்தில் பட்டன் வந்தால் ஊசி உடையும். கொஞ்சம் நகர்த்தி வெட்டுவது நல்லது. மறுபக்கத்துக்கு மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்டு அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு வைத்து, ஓரத்தில் 1 செ.மீ. விட்டு நாலு பக்கமும் தையுங்கள். அப்புறம் பட்டன்களைக் கழற்றித் திருப்பினால் உறை தயார். ஜிப் வைக்கும் தொல்லையே இல்லை!

சட்டைப் பையைப் பிரிக்காதீர்கள். வாழ்த்துச் சீட்டு வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.