திரையில் வாக்மேன் வந்தால் விளிம்பைப் பாருங்கள்

படத்தில் யாராவது வாக்மேனில், அதாவது கையடக்க கேசட் பிளேயரில், பாட்டுக் கேட்டால், காட்சியை நிறுத்தி அதன் விளிம்புகளைப் பாருங்கள். நீலமும் வெள்ளியுமான உடல், ஹெட்போன் செருக இரண்டு துளைகள், ஒரு ஆரஞ்சுப் பொத்தான் இருந்தால் அது சோனியின் முதல் வாக்மேன், டிபிஎஸ்-எல்2. அந்தப் பொத்தானை அழுத்தினால் பாட்டு தணியும். உள்ளே உள்ள மைக் வழியாக, சேர்ந்து கேட்கும் இருவரும் பேசிக்கொள்ளலாம். எவ்வளவு அன்பான யோசனை! முதலில் வந்தவற்றில் துளைகளுக்கு மேலே 'கைஸ்' (ஆண்கள்), 'டால்ஸ்' (பெண்கள்) என்றே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பிறகு 'ஏ', 'பி' ஆனது.

ஜப்பானில் இது விற்பனைக்கு வந்தது 1979 ஜூலை 1. கதை 1975இல் நடந்தால், இந்தப் பெட்டி அங்கே இருக்க முடியாது.

இசைத்தட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு: எல்பி எனும், மெதுவாகச் சுழன்று நீண்ட நேரம் பாடும் தட்டு அறிமுகமானது 1948இல். அதற்கு முந்தைய கதையில் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் விறுவிறுவென்று சுழல வேண்டும்.