கந்தப்பளையில் கருகல் நோய்க்கு மாதிரி எடுப்பது

காலைப் பனி காயுமுன் உருளைக்கிழங்குப் பாத்திக்குள் இறங்கிவிடுங்கள். இலையைத் திருப்பினால் கருகலின் ஓரத்தில் வெள்ளையாக, மாத் தூவியதுபோல் பூத்திருக்கும். அந்த வெள்ளைதான் நோய்க்கிருமி, நமக்கு வேண்டியது அதுதான்.

மாதிரியைப் பதிப்பது எப்.டி.ஏ. அட்டையில், அதாவது மரபணுவைக் கெடாமல் வைத்திருக்கும் காகித அட்டையில். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு கருகல் புள்ளி. இரண்டைச் சேர்த்தால் கிருமியின் இரண்டு மரபுவகை கலந்துவிடும், அப்புறம் ஆய்வகத்தில் பிரிப்பது பெரும்பாடு. என் முதல் போக அட்டைகளில் பாதி இப்படித்தான் வீணானது, இன்னும் மனது ஆறவில்லை. வெள்ளைப் பக்கத்தை அட்டையில் வைத்து, பச்சைச் சாறு ஊறும்வரை அழுத்துங்கள். நிழலில் காயவிடுங்கள்.

ஆய்வகத்தில் எல்லா அட்டையிலும் ஒரே மரபுரேகை (கிருமியின் மரபணு அடையாளம்) வந்தால் பரவியது ஒரே வம்சம், விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது என்றும் விசாரியுங்கள். கிருமியின் ஏ1, ஏ2 என்ற இரண்டு இணைவகையும் ஒரே வயலில் இருந்தால் எனக்குப் பயம்தான்: அவை கூடி உண்டாக்கும் ஊஸ்போர் என்ற தடித்த சுவருள்ள வித்து, செடியே இல்லாத மண்ணிலும் உயிரோடு கிடக்கும்.