ஆர்டுபைலட்டில் முதல் குவாட்: மோட்டார் வரிசையைச் சரிபார்க்காமல் பறக்க விடாதீர்கள்

முதலில் குவாடின், அதாவது நான்கு மோட்டார் ட்ரோனின், நான்கு இறக்கைகளையும் (ப்ரொப்பெல்லர்) கழற்றித் தனியாக வையுங்கள். கடைசிப் படி வரை அவை வேண்டாம்.

ட்ரோனுக்கான திறந்த மூல ஆட்டோபைலட்டுகளில் (ட்ரோனைப் பறக்கவைக்கும் மென்பொருள்கள்) ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 இரண்டும் பெரியவை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஆர்டுபைலட்டைத்தான் சொல்வேன், ஏனென்றால் விண்டோஸில் ஓடும் மிஷன் பிளானர் என்ற அமைப்பு மென்பொருள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்.

ட்ரோனின் மூளையான பிக்ஸ்ஹாக் போர்டை யுஎஸ்பியில் இணைத்து, மிஷன் பிளானரில் குவாட் படத்தைத் தேர்ந்தெடுத்து ஃபர்ம்வேரை (போர்டில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள்) ஏற்றுங்கள். அப்புறம் ஃபிரேம் பக்கத்தில் குவாட், எக்ஸ் வடிவம். அடுத்தது சாய்வை அறியும் சென்சாரான அக்செலரோமீட்டரின் அளவைச் சரிசெய்வது: சமமாக, இடப்பக்கம், வலப்பக்கம், மூக்கு கீழே, மூக்கு மேலே, தலைகீழாக என்று ஆறு நிலைகளில் அசையாமல் பிடிக்க வேண்டும். காம்பஸை (திசைகாட்டி) வெளியே போய் அளவு சரிசெய்யுங்கள், இரும்பு பீரோ பக்கத்தில் வைத்துச் சுழற்றினால் அளவு தப்பாக வரும். ரிமோட் குச்சிகளையும் எல்லை வரை நகர்த்திப் பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது மோட்டார் சோதனை. நான் சறுக்கியது இங்கேதான். போர்டில் முன்வலது 1, பின்இடது 2, முன்இடது 3, பின்வலது 4. ஆனால் சோதனைப் பக்கத்தில் இருக்கும் ஏ, பி, சி, டி பொத்தான்கள் இந்த எண் வரிசையில் போகாது, முன்வலதில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் போகும். பி அழுத்தினால் பின்வலது, அதாவது 4-ஆம் மோட்டார் சுழல்வதுதான் சரி. நான் அதைத் தப்பு என்று நினைத்து 2, 4 வயர்களை மாற்றிச் செருகினேன். தரையை விட்டுக் கிளம்பிய நொடியே கவிழ்ந்து இரண்டு இறக்கைகள் உடைந்தன.

மோட்டார் தலையில் சின்ன டேப் ஒட்டினால் சுழலும் திசை நன்றாகத் தெரியும். 1, 2 இடஞ்சுழி. 3, 4 வலஞ்சுழி. மாறியிருந்தால் அந்த மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

ஃபெயில்சேஃபில் (சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) ஆர்டிஎல் (ரிட்டர்ன் டு லாஞ்ச்) வையுங்கள். சிக்னல் அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். திரும்பும் உயரம் 15 மீட்டர் என்று முன்கூட்டியே இருக்கும், பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் கட்டாயம் கூட்டுங்கள்.

சரி, இப்போது இறக்கைகளை மாட்டலாம். திறந்த வெளியில் ஸ்டெபிலைஸ் முறையில் (குச்சியை விட்டால் ட்ரோன் தானே சமமாகும் முறை) ஒரு மீட்டர் எழுப்பி, நிதானமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே இறக்குங்கள்.