டேப் கீயைத் தட்டுவதற்கு முன்

போன வாரம், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இன்றைய தேதி வேண்டும்" என்று கோடில் ஒரு குறிப்பு எழுதினான். கோடு எழுதும் எடிட்டரில், ஏஐ பரிந்துரைத்த ஒரு வரி சாம்பல் நிறத்தில் வந்து நின்றது. அதைப் படிப்பதற்குள், அதை ஏற்றுக்கொள்ளும் டேப் கீக்கு அவன் விரல் போய்விட்டது.

"இது எந்த ஊர் தேதிப்பா?"

"இன்னைக்குத் தேதிதான்ணா."

அதே வரியை ஏற்றுக்கொண்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. ஏஐ தந்த கோடை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஒட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அதை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஓடுகிறது, அப்போ சரி என்று நினைப்பது

அந்த வரி ஜாவாஸ்கிரிப்டில் சர்வசாதாரணமாக வருவது. இப்போதைய நேரத்தை 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' மூலம் எழுத்தாக்கி, முதல் 10 எழுத்துகளை வெட்டி எடுக்கும். ஆண்டு, மாதம், நாள் என்று அழகாக வந்து நிற்கும். ஆனால் அது தருவது எப்போதும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே இங்கே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை, அந்த வரி நேற்றைய தேதியைத்தான் சொல்லும்.

நான் அதை வைத்தது ஒரு பால் முகவரின் கணக்கு மென்பொருளில். அவருக்கு வேலையே விடியற்காலை 3 மணிக்குத்தான் தொடங்கும். நானோ பகல் 11 மணிக்குச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை. காலைப் பால் எல்லாம் ஒரு நாள் முன்னால் பதிவானதால், மாத மொத்தம் ஏறக்குறைய சரியாகவே வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு டீக்கடைக்காரர் பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். "30ஆம் தேதி கடையே திறக்கலை, 40 லிட்டர் எப்படி வந்துச்சு?" என்றார். அதற்கு அடுத்த நாள், 1ஆம் தேதி, விலை ஏறியிருந்தது. அன்று காலை போன பால் முழுவதும் முந்தைய மாதத்தில், பழைய விலையில் உட்கார்ந்திருந்தது. நஷ்டம் முகவருக்கு.

நேரத்தையாவது சேமித்திருந்தால் திருத்துவது எளிது. நான் தேதியை மட்டும் சேமித்திருந்தேன். முகவரின் நோட்டுப் புத்தகங்களை விரித்து வைத்து, கடை கடையாகச் சரிபார்க்க மூன்று நாள் ஆனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நேரத்தை யூடிசியில் முழுதாகச் சேமியுங்கள். காட்டும்போதும் நாள் கணக்குப் பார்க்கும்போதும் 'ஆசியா/கொல்கத்தா' என்று நேர மண்டலத்தைச் சொல்லி மாற்றுங்கள். அந்தப் பையனைக் கணினிக் கடிகாரத்தை அதிகாலை 3 மணிக்கு வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நேற்றைய தேதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கோடும் டெஸ்ட்டும் ஒரே கையிலிருந்து

அந்தக் கோடு சரியான விடை தருகிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்ட்டும் இருந்தது. அதையும் ஏஐ கருவிதான் எழுதியது. எதிர்பார்க்கும் விடையையும் அதே டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் வரியை வைத்தே கணக்கிட்டிருந்தது. அப்படிப்பட்ட டெஸ்ட் எந்தக் காலத்திலும் தோற்காது. எதிர்பார்க்கும் விடையை நீங்களே கையால் எழுதுங்கள்.

பெயரை நம்பி பேக்கேஜ் போடுவது

பேக்கேஜ் என்பது பிறர் எழுதி வெளியிட்ட, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோடு தொகுப்பு. ஏஐ சில சமயம் இல்லாத பேக்கேஜின் பெயரைச் சொல்லும். அந்தப் பெயரில் வேறு யாராவது தீங்கான கோடை ஏற்றி வைத்திருக்கலாம். யார் வெளியிட்டது, எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

ரகசியச் சாவியை கமிட் செய்வது

கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவியைக் கோடில் எழுதி, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேமித்துவிட்டால் (அதுதான் கமிட்), பிறகு அந்த வரியை அழித்தாலும் கிட் வரலாற்றில் இருக்கும். சாவியையே மாற்றுங்கள்.

கருவியே வேண்டாம் என்பது

இதுவும் தவறுதான். நாற்பது கோப்புகளில் ஒரு பெயரை மாற்ற எடிட்டர் இருக்கிறது, வரிவரியாக நிறுத்திப் பார்க்க டிபக்கர் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுக் கையால் தேடுவது நேர விரயம். ஏஐயையும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். "எழுதிக் கொடு" என்பதோடு நிறுத்தாமல், "இது எப்போது தப்பாகும்?" என்றும் கேட்கிறேன். அந்தத் தேதி வரியைக் கொடுத்து அப்படிக் கேட்டபோது, யூடிசி சிக்கலை அதுவே முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டது.